நேர்ச்சைக்குப் போன மாத்திரை

புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டு வந்து நிற்கும் பெண்ணைக் கண்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் வந்திருக்கிறது. என் வாய் கொஞ்சம் நீளம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த விஷயம். வார்டில் நான் போட்ட சத்தத்துக்குக் கேன்டீன்காரர் எட்டிப் பார்த்த நாட்கள் உண்டு. ஆனால் அந்தச் சத்தத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்காதீர்கள், அதற்குப் பொய்தான் பதிலாக வரும். மாத்திரை தீர்ந்துபோனது, மழை பெய்தது, மறந்துபோயிற்று என்பார்கள். நிறுத்திய பிறகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு உண்மை வரும்.

இந்தக் கேள்வியை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. திருப்புறத்தில் ஒரு மீன்காரியின் அடுக்களையில், வெளியே ஊர் கூடியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் நான் ரிட்டையர் ஆனது முழுமையாகாது என்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் அப்போது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே கிடக்கும் ஊர்களில் வீடு வீடாகப் போகும் நர்ஸ். புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள், ஊரில் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்து முடித்தவர்கள், அதற்குப் பிறகு வருடக்கணக்காக மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் எல்லாரும் என் கணக்கு. ஒரு தோள்பை, ஒரு குடை, நேரத்துக்கு வராத பஸ். கிழக்கே போனால் ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடுகள், மேற்கே போனால் தென்னைகளும் மணலும். எந்த வீட்டிலும் ஒரு டம்ளர் பால் விடாத கட்டன்சாயா குடிக்காமல் இறங்க விடமாட்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. கால் வலித்ததெல்லாம் மறந்துபோய், வாசலில் நின்று "சிஸ்டர் வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துக் கூவும் குரல்கள் மட்டும் நிற்கின்றன.

பிலோமினா அக்கா அப்படிக் கூவுகிறவள் இல்லை. நான் போனால் "வந்தியளா" என்று ஒரு பலகையை எடுத்துப் போட்டுவிட்டு மீன் வெட்டுவதைத் தொடருவாள். பூவாறு கடற்கரையில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் தலையில் சுமந்து, உள்ளூர்களில் வீடு வீடாக விற்பது அவள் தொழில். கணவர் லோறன்ஸ் கட்டுமரத்தில் போகிறவர். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு இடது மார்பை எடுத்தார்கள். கரண்டும் வைத்தார்கள். அதன்பின் தினம் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை, ஐந்து வருடத்துக்கு.

ஆபரேஷனைத் தாங்கியவள் மாத்திரையைத் தாங்கவில்லை. நீங்கள் இதை அடிக்கடி பார்ப்பீர்கள், ஆச்சரியப்படாதீர்கள். ஆபரேஷன் என்றால் ஊரே வந்து பார்க்கும், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வரும். மாத்திரையால் வரும் தொல்லையை யாரும் வந்து பார்ப்பதில்லை. அவளுக்கு மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, கன்னம், காது என்று ஏறி, முகம் சிவந்து, ஜாக்கெட் நனைந்து, கொஞ்ச நேரத்தில் குளிரெடுத்து நடுங்கும். தலையில் சுமையோடு வெயிலில் நடக்கும்போது அது வந்தால் மதிலோரம் சாய்ந்து நிற்பாள். மாதவிலக்கு நின்றுபோனது. ராத்திரி உறக்கம் இல்லை. காரணமில்லாமல் அழுகையும் அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தன.

மாத்திரை கொடுத்த முதல் நாளே சூடு வரும் என்று சொல்லியிருந்தேன். வந்த பிறகு என்ன செய்யலாம் என்பதை இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். நைலான் புடவையை விட்டுவிட்டு பாலராமபுரம் கைத்தறி முண்டுக்கு மாறினாள். ஈரத் துவர்த்துத் துண்டு ஒன்றைச் சருவத்தின் விளிம்பில் போட்டுக்கொண்டாள். மத்தியானச் சாயாவை ஆறவைத்துக் குடித்தாள். மார்பு இருந்த இடத்தில் பழந்துணி வைத்துத் தைத்த ஜாக்கெட்டைப் பார்த்து, இதில் பஞ்சு வைத்தால் இன்னும் வேகும் என்று நான் சொல்ல, ஓட்டை ஓட்டையான பழைய வலைத்துணியைச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். அது எங்கள் இருவரையும் நெடுநேரம் சிரிக்கவைத்தது.

ஒருநாள் மீனைச் செதுக்கிக்கொண்டே, லோறன்ஸ் இப்போதெல்லாம் மணலில்தான் உறங்குகிறார் என்றாள். கடற்கரையில் ஆண்கள் மணலில் உறங்குவது வழக்கம்தானே என்றேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை, தலையும் தூக்கவில்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது. உடம்பு வறண்டு போகும், வலிக்கும், அதுவும் மாத்திரையின் வேலைதான், புருஷன் மேல் வெறுப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம் என்று சொல்லி, அதற்குச் செய்யக்கூடிய எளிய காரியங்களையும் சொன்னேன். இதை நாம் கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள். கேட்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், மீனைப் பாருங்கள்.

ஆனால் அவளை உண்மையில் வீட்டோடு உட்காரவைத்தது சூடு இல்லை. ஊர். அந்த நோய் கையிலிருந்து கைக்கு ஒட்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவள் சருவத்தை இறக்கினால், இன்றைக்குக் கறி இருக்கிறது என்று பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வாசலில் வேறொருத்தியிடம் சாளை மீன் வாங்குவார்கள். அவள் திரும்பிப் போகும் வழியில் அதைப் பார்க்கவும் செய்தாள். சில நாட்களுக்குப் பிறகு சருவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் என்னைக் கிழக்கே மலையோர ஊர்களுக்கு மாற்றிப் போட்டார்கள். மாத்திரையை லோறன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து தவறாமல் வாங்கிக்கொண்டு போகிறார் என்று பார்மசியில் சொன்னார்கள். நானும் நிம்மதியாக இருந்தேன். மீண்டும் மேற்கே வந்தபோது மே மாதம்.

திருப்புறம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெண், எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிலோமினாவின் வீட்டுக்கா, என் மகனுக்கு வலிப்பு, அவனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வர வேண்டும், அவள் கை வைத்தால் சுகமாகிறதாமே என்றாள். நான் வேறு பிலோமினாவாக இருக்கும் என்றேன். இல்லை, மார்பை எடுத்த பிலோமினாதான் என்றாள். அவள் சொன்னதையும், பிறகு நான் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்குவதற்கு முன்னால், பள்ளி என்று அங்கே சொல்லும் கடற்கரை மாதா கோவிலின் முற்றத்தில், பாட்டும் ஜெபமுமாக மூன்று நாள் தியானம் நடந்திருக்கிறது. அந்த வருடங்களில் எல்லா ஊரிலும் தியானம்தான். தகரக் கொட்டகைக்குள் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, தியான குரு பரிசுத்த ஆவியின் அக்கினி இறங்க ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து பிலோமினா அக்காவுக்குச் சூடு வந்துவிட்டது. முகம் சிவந்தது, வியர்வை கொட்டியது, பிறகு நடுங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்கினி இறங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்தது. தகரத்துக்குக் கீழே அந்த நெரிசலில் வராமல் என்ன செய்யும்?

அதோடு எல்லாம் மாறிவிட்டது. அவள் கையால் மீன் வாங்க மறுத்த பெண்கள், அவள் கையைப் பிடித்துத் தங்கள் பிள்ளைகளின் தலையில் வைத்தார்கள். பள்ளியில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அவள் வீட்டில் ஜெபக்கூட்டம். அதை நடத்தியவர் ஸ்டெல்லா டீச்சர். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், கணவரை இழந்தவர், ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். நல்ல மனுஷி. யாரையும் ஏமாற்றத் தெரியாதவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இந்தக் கதையில் ஒரு வில்லியைத் தேடுவீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பாய் விரித்துப் பெண்கள் நிறைய இருந்தார்கள். நெற்றியில் சந்தனத்தோடு வந்து நின்ற என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் எழுந்துவந்து வரவேற்றார். இன்றைக்குப் பிலோமினா சாட்சி சொல்லப் போகிறாள், தான் பூரண சுகம் பெற்றதை எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறாள், நல்ல நாளில் வந்திருக்கிறீர்கள் என்றார். அவர் முகத்தில் ஒரு அவசரம் இருந்தது. அது பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

பிலோமினா அக்கா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உடம்பு தேறியிருந்தது. வாயில் வெற்றிலை வழக்கம்போல் இருந்தது. கண்தான் சரியில்லை.

"சிஸ்டரே, இப்பம் சூடு வாறதில்ல," என்றாள்.

எப்போதிலிருந்து என்றேன். ஈஸ்டருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அடியோடு நின்றுவிட்டது என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நான் என்னமோ பாவம் செய்திருக்கேன். ஆவி என்ன விட்டுட்டு போயாச்சு. வெளியில இருக்கவங்க இன்னும் எனக்க கைய நம்பியாக்கும் இருக்காங்க. நான் வெறும் கைய வைக்கேன்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மாத்திரை எங்கே என்று கேட்டேன். அவள் சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினாள். படத்துக்குக் கீழே சின்னத் தட்டில், ஜெபமாலையின் பக்கத்தில், பிரிக்காத மாத்திரை அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

கடற்கரைப் பக்கத்தில் நேர்ச்சை என்றால் என்ன என்று உங்களில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நன்மை கிடைத்தால், நமக்கு வேண்டிய ஒன்றை மாதாவுக்கு என்று விட்டுவிடுவது. நோன்பு காலத்தில் மீன் விடுவார்கள், சாயா விடுவார்கள், சாராயம் விடுவார்கள். நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் அன்று இவள் யோசித்திருக்கிறாள். அக்கினி தந்த தேவனுக்கு மீனை விட்டால் போதுமா? தனக்கு எது இல்லாவிட்டால் முடியாது என்று டாக்டர் சொன்னாரோ அதையே விட்டுவிட்டாள். சாகும்வரைக்கும் என்று நேர்ந்துகொண்டாள். தியான குரு அப்படிச் சொல்லவில்லை. டீச்சரும் சொல்லவில்லை, இவள் சொல்லிக் கேட்டபோது தடுக்கவும் இல்லை. லோறன்ஸுக்கு இது தெரியவே தெரியாது. அவர் மாதம் தவறாமல் பஸ் ஏறி மாத்திரை வாங்கி வந்து கொடுக்க, அது மாதாவின் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெளியே பாட்டு தொடங்கிவிட்டார்கள். அது முடிந்ததும் அவள் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன், "அக்கா, அது மாத்திரைக்க சூடு. நான் முதல் நாளே சொன்னதாக்கும். மாத்திரைய விட்டதும் சூடும் போயாச்சு. நீங்க ஒரு பாவமும் செய்யல்ல."

பாவம் செய்யவில்லை என்றால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. என் கையை உதறினாள்.

"அப்பம் அண்ணைக்கு தியானத்தில என்ன தொட்டது கடவுள் இல்லியா? அந்த மாத்திரையா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் பார்க்கும் வேலையில் ரத்தம் கொட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்று கை தானாகவே அறியும். இப்படி ஒரு கேள்வி வரும்போது கைக்கு ஒன்றும் தெரியாது. என் நாக்கு நுனியில் இரண்டு பதில்கள் இருந்தன. ஆமாம், மாத்திரைதான், இதெல்லாம் என்ன கூத்து என்பது ஒன்று. என் வாய்க்கு மிகவும் பிடித்த பதில் அது. கடவுள் மாத்திரை வழியாகத்தான் தொட்டார் என்பது இன்னொன்று. கேட்க நன்றாக இருக்கும், எல்லாரும் சிரித்த முகத்தோடு பிரியலாம். முதலாவதைச் சொன்னால், அவள் மறுபடியும் ஊர் ஒதுக்கிய மீன்காரி. இரண்டாவதைச் சொன்னால், கடவுள் என்ன செய்தார் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதாகும். சந்தனம் வைத்த நான். அதுவும் ஒரு காரியம் ஆக வேண்டும் என்பதற்காக.

"சூடு எங்க இருந்து வந்துண்ணு எனக்கு தெரியும்," என்றேன். "அண்ணைக்கு ஒங்க மனசில என்ன வந்துண்ணு எனக்கு தெரியாது. அது நான் படிச்ச படிப்பில இல்ல."

அவள் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். மாத்திரையை எடுத்து அவள் வாயில் திணிக்க வேண்டும் போல் இருந்தது. நோய் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவளுக்கு அது வரக்கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

கடைசியில் அவள்தான் பேசினாள். தன்னைப் பற்றி இல்லை.

"போன வெள்ளியாழ்ச்ச டீச்சர் எல்லாரும் போன பெறகு இருந்தாங்க. எனக்க கைய பிடிச்சு அவங்க நெஞ்சில வச்சு ஜெபிக்க சொன்னாங்க. கைக்க அடியில ஒண்ணு தட்டுப்பட்டு. அது என்னண்ணு எனக்கு தெரியாதா சிஸ்டரே?"

டீச்சரின் முகத்தில் நான் கண்ட அவசரம் என்ன என்று அப்போது புரிந்தது. பிலோமினாவின் சுகம் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஊரில் யாரையும்விட அதிகமாக விரும்பியவர் அவர்தான். இந்த நோய் என்று தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்பதை, மீன் விற்காமல் திரும்பிப் போன சருவத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டிருந்தார்.

நான் கதவைத் திறக்கப் போனேன். டீச்சரை இப்போதே கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பிலோமினா அக்கா தடுத்தாள். இத்தனை பேர் நடுவில் நர்ஸ் கூப்பிட்டால் ஊருக்கு விளங்கிவிடும், அதன் பிறகு அந்த மனுஷி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார் என்றாள். அவருடைய காரியத்தை அவரே சொல்லட்டும், நான் என்னுடையதைச் சொல்கிறேன் என்றாள். அது சரி என்று எனக்கும் பட்டது. நீங்கள் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்பதற்காக எல்லாக் கதவையும் நீங்களே திறக்க வேண்டியதில்லை.

எழுந்தவள் மாதா படத்தின் முன்னால் தயங்கினாள். நேர்ந்ததைத் திருப்பி எடுத்தால் குற்றமில்லையா என்று கேட்டாள். எங்கள் அம்மன் கோவிலில் நேர்ந்ததை மாற்றி நேரலாம், உங்கள் மாதா எப்படியோ எனக்குத் தெரியாது என்றேன். கொஞ்சம் யோசித்தாள். வாயில் இருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, இடுப்பில் இருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்துத் தட்டில் வைத்தாள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள். அந்த வெற்றிலையை விடச் சொல்லி நான் வருடக்கணக்காகத் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். மாதாவுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

நான் அடுக்களை வாசலிலேயே நின்றேன். அவள் பாயின் நடுவில் போய் நின்றாள். தியானத்தில் நடந்ததை எல்லாம் சொன்னாள். தான் நேர்ந்துகொண்டது எதை என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் முற்றத்தோரத் தென்னையடியில் உட்கார்ந்திருந்த லோறன்ஸ் நிமிர்ந்து பார்த்தார். மாத்திரையை விட்ட பிறகு சூடு நின்றுபோனதைச் சொன்னாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பம் அது மாத்திரைக்க சூடாக்கும்," என்றாள். "ஆண்டவர் என்ன விடல்ல, அது எனக்கு தெரியும். ஆனா நான் சுகமானவளாண்ணு எனக்கு தெரியாது. எனக்க கைய நம்பி யாராவது ஆஸ்பத்திரிக்கு போகாம இருந்தா, அந்தப் பாவத்த எனக்க தலையில வச்சிராதீங்க. ஜெபிக்கணும்ணா நான் ஜெபிக்கேன். ஆஸ்பத்திரிக்கும் போங்க."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு இன்னும் சிலர். அவள் மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தாள். தண்ணீர் எடுக்காமல் வந்துவிட்டாள். நான் உள்ளே திரும்புவதற்குள் லோறன்ஸ் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொண்டுபோய் நீட்டினார். அவள் மாத்திரையை விழுங்கும்வரை அங்கேயே நின்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனார். அந்த மனிதர் பேசிக் கேட்காவிட்டாலும் எனக்கு அது போதுமாக இருந்தது.

முற்றம் காலியான பிறகும் ஸ்டெல்லா டீச்சர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதையே மறுபடியும் விரித்துச் சுருட்டினார். நான் என் பையைத் தோளில் போட்டபோது பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சிஸ்டர் திங்களாழ்ச்ச ஆஸ்பத்திரியில உண்டா?"

உண்டு என்றேன்.

"நானும் வாறேன்."

அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் வந்தார், கூடவே பிலோமினா அக்காவும் வந்தாள். அவளையும் டாக்டர் பரிசோதித்தார். நோய் திரும்பியிருக்கவில்லை. இடைவெளி விட்டதற்கு நன்றாகத் திட்டு வாங்கினாள். டீச்சருக்கு ஆபரேஷன் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் கை மீறியிருக்கும் என்றார் டாக்டர்.

பிலோமினா அக்காவின் வீட்டில் பிறகு ஜெபக்கூட்டம் நடக்கவில்லை. பள்ளியில் முன்வரிசை இடமும் போயிற்று. ஊரை ஏமாற்றியவள் என்று கூடச் சிலர் சொன்னார்கள். சூடு திரும்ப வந்தது, உறக்கம் மறுபடி போயிற்று. நாங்களும் ஈரத் துவர்த்து, ஆறின சாயா என்று பழைய வேலைகளைத் தொடங்கினோம். தன் மரியாதையை விற்று அவள் வாங்கியது அந்தச் சூட்டைத்தான். அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. கவிழ்த்து வைத்த சருவத்தை நிமிர்த்தி மறுபடியும் நடந்தாள். முதலில் மீன் வாங்கியது ஸ்டெல்லா டீச்சர். டீச்சர் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டு நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வாங்கினார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பக்கவிளைவு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெண் அதோடு வீட்டுக்குப் போகிறாள், அங்கே அதற்கு வேறு பெயர் வைக்கிறார்கள். சாபம் என்பார்கள், கிறுக்கு என்பார்கள், புருஷனைப் பிடிக்கவில்லை என்பார்கள். அக்கினி என்றும் சொல்வார்கள். முதல் நாள் ஒருமுறை சொன்னது போதாது, ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு திரும்ப ரத்தம் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். சூடு வராதவர்களிடம், வராவிட்டாலும் மருந்து வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். தெரிந்ததைத் தெரிந்தவரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேலே அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டீச்சருக்கு மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நான் அவர் வீட்டில் இருந்தபோதே முதல் சூடு வந்தது. நான் எத்தனையோ சொல்லி வைத்திருந்தும் பயந்துபோனார். மூச்சு வாங்கியது, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்த மாத்திரை எனக்கு வேண்டாம் சிஸ்டர், என்னால் முடியாது என்று அழுதார். அந்த நேரம் வாசலில் பிலோமினா அக்கா சருவத்தோடு வந்து நின்றாள். பார்த்ததும் அவளுக்கு விளங்கியது. சருவத்தை இறக்கி வைத்தாள், கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். டீச்சரின் நனைந்த முதுகில் ஒரு கையை வைத்தாள். கூட்டம் இல்லை, பாட்டு இல்லை. நான் இருப்பதை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

"ஆண்டவரே," என்றாள், "சூட்ட எடுக்காட்டாலும் பரவாயில்ல. இவங்க மாத்திரைய விடாம இருக்க பெலம் தாரும்."

டீச்சர் அழுகையின் நடுவே ஆமென் என்றார். நானும் சொன்னேன்.